எங்க மேடம்

கல்லூரியில் பட்டப்பெயர் இல்லாத ஆசிரியர் என்று ஒருவர் இருந்தால், ஒன்று அவர் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வகுப்புப் பக்கமே தலைகாட்டாதவராக இருக்க வேண்டும். இயற்கைப் புவியியல் நடத்திய அவளுக்கு ‘எங்க மேடம்’ என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள், அடடா, பிள்ளைகளுக்கு இவள்மேல் என்ன பாசம் என்று உருகிப்போவார்கள். பாசமாவது மண்ணாவது. அது கேள்விக்குறி போட்டுப் படிக்க வேண்டிய ‘எங்க’.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அவள் ஒரு பெரிய வரைபடத்தைப் பலகையில் மாட்டி, யாரையாவது எழுப்பி, இந்த ஏரி எங்கே இருக்கிறது, சொல் பார்ப்போம் என்பாள். எழுந்த பிள்ளை தயங்காமல் “மேல இருக்கு மேடம்” என்று சொல்லும். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வாள். “மேலன்னா எங்க? கூரையிலயா, ஃபேன்லயா?” வடக்கு என்றால் வடக்கு என்று சொல்ல வேண்டும். உயரம் என்றால் எத்தனை மீட்டர் என்று சொல்ல வேண்டும். தாளின் தலைப்பக்கத்தில் இருப்பதெல்லாம் உயரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஜென்மத்தில் புவியியல் வராது என்பது அவள் கட்சி. ‘மேல’ என்ற அந்த ஒரு சொல்லை வகுப்பில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் மொத்த வகுப்பும் “எங்க?” என்று கோரஸ் பாடும். பெயர் அப்படி வந்ததுதான். அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

இத்தனை வருடம் குப்பை கொட்டியும் அவள் இன்னும் தற்காலிக விரிவுரையாளர்தான். வருடக் கடைசியில் பிரின்சிபால் அறை வாசலில் அடுத்த வருடத்துக்கான பெயர்களை ஒட்டுவார்கள். பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் நன்றி, வணக்கம். மற்ற வருடங்களில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போனால் போகிறது, டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று வாய் நிறையச் சொல்வாள். இந்த வருடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. கிடங்கில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் முதுகுத்தண்டில் அடிபட்டு, வீட்டில் பலகையைப் போட்டுப் படுத்துக் கிடந்தான். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இப்போது அவள் ஒருத்திதான். அந்தப் பட்டியலில் பெயர் வந்தே ஆக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சதவீதம் அவளைத் தேடி வந்தார்.

சதவீதம் என்பவர் கல்லூரியின் தர உறுதிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். முன்பு வணிகவியல் நடத்தியவர். பாதி என்று அவர் வாயில் வராது, ஐம்பது சதவீதம் என்றுதான் வரும். டீக்கடையில்கூடச் சர்க்கரை இருபது சதவீதம் குறைத்துப் போடச் சொல்லுவார். கெட்டவர் இல்லை. ஆனால் கெட்டவரிடம் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம், இவரிடம் முடியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் தான் வந்த காரியத்தையே திரும்பச் சொல்லுவார்.

அவர் கொண்டுவந்த சேதி இது. கல்லூரியைப் பார்வையிட வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் பருவத்தின் முதல் வாரம் ஒரு தேர்வு, பருவம் முடியும் தறுவாயில் அதே தாளை வைத்து இன்னொரு தேர்வு நடந்தது. கேள்வித்தாள் அவர் அலுவலகத்திலிருந்தே உறையில் வந்தது, அவர் ஆட்களே நடத்தினார்கள். பாடம் எடுத்தவர்களுக்குக் கண்ணில்கூடக் காட்டவில்லை. இரண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு படிப்பு ஏறியிருக்கிறது என்று கணக்கு. எல்லாப் பாடத்திலும் ஏறியிருக்கிறது. உடற்கல்வியில்கூட ஏறியிருக்கிறது. இயற்கைப் புவியியலில் மட்டும் இறங்கியிருக்கிறது.

“உங்க பாடத்தைப் படிக்கப் படிக்கப் பிள்ளைங்களுக்கு இருந்த அறிவும் போயிடுச்சுன்னு அர்த்தமாகுது மேடம்” என்றார் சதவீதம், ரொம்ப வருத்தமாக.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. விடைத்தாள்களைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு, ஆசிரியர் அறையில் தன் மேசையில் பரப்பி உட்கார்ந்தாள். முதலில் கேள்வித்தாளைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வரைபடத்தை நம்பி நின்றன. சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடம். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்துப் போடுகிற கோடுகள் அவை. ஒவ்வொரு கோட்டின் மேலும் அது எத்தனை மீட்டர் என்று எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எது மேடு, எது பள்ளம் என்று சொல்ல முடியும். எண் இல்லாவிட்டால் அது வெறும் கோலம். இந்த வரைபடத்தையோ நகலுக்கு நகல், அந்த நகலுக்கு ஒரு நகல் என்று எடுத்து எடுத்து, எண்கள் எல்லாம் அழிந்து கொசு அடித்த கறை மாதிரி ஆகிவிட்டிருந்தன. கோடுகள் மட்டும் இருந்தன. தாளின் தலைப்பக்கம் ‘க’ என்று ஒரு புள்ளி, அடிப்பக்கம் ‘ச’ என்று ஒரு புள்ளி. கேள்வி: இவற்றில் உயரமான இடம் எது? அடுத்தது: இவற்றுக்கு இடையே மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்? அதற்கடுத்ததும் அந்த ரகம்தான். விடைக்குறிப்பில் உயரம் ‘க’ என்றும், தண்ணீர் ‘ச’ பக்கம் ஓடும் என்றும் போட்டிருந்தது. அசல் வரைபடம் எங்கே என்று கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

முதல் வாரத்து விடைத்தாள்களைப் புரட்டினாள். கிட்டத்தட்ட எல்லாரும் ‘க’. ஏன் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே இருக்கிறதே, அதனால் உயரம். தண்ணீர் மேலேயிருந்து கீழே ஓடும். தாளையே மலையாக நினைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் போட்டு, முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். இரண்டாம் தேர்வுத் தாள்களில் பிள்ளைகள் தடுமாறியிருந்தார்கள். சிலர் விட்டுவிட்டிருந்தார்கள். சிலர் ஒன்றை அடித்து இன்னொன்றைப் போட்டு, அதையும் அடித்திருந்தார்கள். நான்கைந்து பேர், கொடுத்த விடைகளுக்குக் கீழே தாங்களே புதிதாக ஒரு கட்டம் வரைந்து, ‘எண் இல்லை, சொல்ல முடியாது’ என்று எழுதி அதில் டிக் அடித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பூஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இவ்வளவு நாள் தொண்டை வறளக் கத்தியது வீண்போகவில்லை. ஒன்றும் தெரியாதபோது முழு மதிப்பெண் வாங்கியவர்கள், தெரிந்துகொண்ட பிறகு பூஜ்யம் வாங்கியிருக்கிறார்கள்.

இதைச் சதவீதத்துக்கு உட்காரவைத்து விளக்கினாள். தாளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேறு நல்ல வரைபடத்தை வைத்துத் தேர்வு நடத்தலாமே என்றாள். முன்னும் பின்னும் ஒரே தாளாக இருந்தால்தான் ஒப்பிட முடியும், முதல் வாரத்துக் கணக்கை ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்றார். அப்படியானால் வரைபடம் தப்பு என்று எழுதி அனுப்புங்கள் என்றாள். வரைபடம் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக வந்தது, அதில் நாம் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். கடைசியில் வந்த காரியத்துக்கே வந்தார். இன்னொரு தடவை தேர்வு வைத்துவிடலாம். அதற்கு முதல் நாள் அவள் பிள்ளைகளிடம் காதும் காதும் வைத்த மாதிரி, ‘க’தான் உயரம் என்று சொல்லி வைத்தால் போதும், மற்ற விடையெல்லாம் தானாக வந்துவிடும்.

“நான் மாட்டேன் சார்.”

“என் கையில என்ன மேடம் இருக்கு? மேலயிருந்து சொல்லிட்டாங்க.”

“மேலன்னா எங்க சார்?”

பழக்கதோஷம், வாயிலிருந்து வந்துவிட்டது. அடுத்த மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வரலாற்று ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சதவீதத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அவர் கேள்விக்குப் பதில் சொன்னார். “மாடியில. பிரின்சிபால் ரூம்ல. உங்களை வரச் சொன்னாங்க.”

பிரின்சிபால் அம்மா அதட்டவில்லை, மிரட்டவில்லை. உட்காரச் சொன்னார், கணவனின் முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அடுத்த வருடம் தற்காலிக இடங்களைக் குறைக்கச் சொல்கிறார்கள், யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று தனக்குத் தூக்கமே வருவதில்லை என்று சொன்னார். கற்றல் இறங்கியிருக்கிற பாடத்தை நடத்தியவரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் தன்னைத்தான் கேட்பார்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். அவள் அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தாள். குடித்தோமே என்று படியிறங்கும்போது தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் பலகையில் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். நியாயம் அவள் பக்கம்தான் என்றான். பிறகு, “உன் இஷ்டம்” என்றான். அந்த வீட்டு அகராதியில் ‘உன் இஷ்டம்’ என்றால் இந்த வம்பு வேண்டாம் என்று பொருள். அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள், அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பாள். அவனோ ஒரு பக்கமாகப் புரண்டு எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனைத் தூக்கி உட்காரவைத்தபோதே அவள் வீறாப்பு இறங்கிவிட்டது.

மறுநாள் வகுப்பில் வருகை எடுத்து முடித்ததும் கதவைச் சாத்தினாள். நாளைக்கு அந்தத் தேர்வு இன்னொரு தடவை இருக்கிறது என்றாள். அந்த வரைபடம் வரும், கேள்விகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான் என்றாள். சுற்றி வளைத்தாள். பலகையைத் துடைத்தாள், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“அதுல எது உயரம்னு கேட்டா, க-ன்னு போட்டுடுங்க.”

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “எப்படி மேடம்? அதுல நம்பரே இல்லையே” என்றாள்.

“நான் சொல்றேன்ல.”

இந்த வார்த்தையை அவள் அந்த வகுப்பில் அதுவரை சொன்னதில்லை. முன் பெஞ்சுப் பெண் உட்கார்ந்துவிட்டாள். கடைசி பெஞ்சில் கொட்டாவி விழித்துக்கொண்டிருந்தாள். கொட்டாவி என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். எரிமலை என்றாலும் தூங்குவாள், பனியாறு என்றாலும் தூங்குவாள். இவளுக்குப் பாடம் எடுப்பதும் சுவருக்கு எடுப்பதும் ஒன்றுதான் என்று மேடம் அவளைக் கைகழுவிப் பல நாள் ஆயிற்று. இன்றைக்குப் பார்த்து அவள் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் மேடம் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பை விட்டாள்.

தேர்வு நடந்தது. இந்தத் தடவை மேற்பார்வைக்கு அவளையே போட்டிருந்தார்கள். அவள் சன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தாள்களை வாங்கும்போது எதையும் படிக்கவில்லை. தைரியம் இல்லை என்பதுதான் நிஜம். விடைக்குறிப்பை வைத்துத் திருத்தி மதிப்பெண் போடச் சதவீதம் ஆசிரியர் அறையில் காத்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் பாட ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், குழு எதை வேண்டுமானாலும் உருவிப் பார்க்கும் என்றார்.

முதல் தாளில் ‘க’ என்று இருந்தது. பாவம், பயந்த பிள்ளை. இரண்டாவதிலும் ‘க’. மூன்றாவது தாளில் ஒரு கட்டம் வரைந்து, ‘சொல்ல முடியாது’. நான்காவதிலும் ‘சொல்ல முடியாது’. அப்புறம் வரிசையாக அதுதான். சிலர் கட்டத்தை அடிக்கோல் வைத்து ஒழுங்காக வரைந்திருந்தார்கள். சிலர் கிறுக்கியிருந்தார்கள். முன் பெஞ்சுப் பெண் காரணமும் எழுதி, ‘க’-வைச் சுற்றி ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள். போன தடவை நான்கைந்து பேர் செய்ததை இந்தத் தடவை முக்கால்வாசி வகுப்பு செய்திருந்தது. விடையைச் சொல்லிக் கொடுத்த பிறகும் செய்திருந்தது.

சதவீதத்தின் பேனா நின்றுவிட்டது. “நீங்க சொல்லலையா மேடம்?”

சொன்னேன் என்றாள். அவளுக்கு ஒரே நேரத்தில் வெட்கமாகவும் இருந்தது, எழுந்து நின்று கைதட்டலாம் போலவும் இருந்தது.

கட்டின் அடியில் கொட்டாவியின் தாள் இருந்தது. முதல் வாரத்துத் தாளில் இவள் என்ன எழுதினாள் என்று மேடம் தேடி எடுத்துப் பார்த்தாள். ‘க’-வுக்கு நேரே தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு டிக். இன்றைய தாளில் டிக் எதுவும் இல்லை. கேள்விக்குக் கீழே இருந்த வெள்ளையில், தூக்கக் கலக்கத்தில் எழுதியது போன்ற சரிந்த கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

‘கோடுகளில் எண் இல்லாததால் எது உயரம் என்று சொல்ல முடியாது. க தாளின் தலைப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. தாளைத் திருப்பிப் பிடித்தால் ச அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. க என்று போடச் சொல்லி நேற்று மேடம் சொன்னார்கள். அவர்களுக்கும் எண் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.’

அவள் அதை இரண்டாம் தடவை படித்தாள். கடைசி வரி தன்மேல் வைத்த நம்பிக்கையா, தன் குட்டை உடைத்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

சதவீதம் எட்டிப் படித்துவிட்டார். அவருக்கு வேர்த்துவிட்டது. மதிப்பெண் இறங்கினால்கூட ஏதாவது சொல்லிப் பூசி மெழுகிவிடலாம், ஆனால் விடையைச் சொல்லிக்கொடுத்தாள் என்று பிள்ளையே கைப்பட எழுதியது குழுவின் கண்ணில் பட்டால், அடுத்த வருடம் என்ன, இந்த மாதமே வேலை போய்விடும் என்றார். அவள்மேல் அக்கறையோடுதான் சொன்னார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். இந்த ஒரு தாளை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடலாம். அன்றைக்கு அந்தப் பெண் வரவில்லை என்று போட்டுக்கொள்ளலாம். எப்போதும் தூங்குகிற பெண்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? மற்றவர்களின் விடையைத் தானே சரிபண்ணிக்கொள்வதாகவும், அவள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

அவள் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பெண் விழித்திருந்து கேட்டது இவள் சொன்ன பொய்யைத்தான். கேட்டவள் அதை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறாள். அந்தக் காரணம் இவள் கற்றுக்கொடுத்த காரணம். இதைக் கிழித்தால் இந்த வருடம் பாடம் நடத்தியதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது? பலகையில் படுத்திருப்பவனை நினைத்தாள். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. பயம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

கொட்டாவியின் விடைக்கு முழு மதிப்பெண் போட்டாள். அதன் கீழே, ‘இந்த மாணவி எழுதியிருப்பது உண்மை. விடையைச் சொன்னது நான்தான். வரைபடத்தில் எண் இல்லை’ என்று எழுதினாள். முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதவியையும், ‘தற்காலிக’ என்ற சொல்லை விடாமல், எழுதினாள். பிறகு ‘சொல்ல முடியாது’ என்று எழுதிய ஒவ்வொரு தாளிலும் சதவீதம் போட்டிருந்த பூஜ்யங்களை அடித்து, மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டாள். ‘க’ என்று எழுதிய பயந்த பிள்ளைகளின் தாளிலும், அந்த விடை தான் சொன்னது என்று ஓரத்தில் எழுதிவிட்டாள். சதவீதம் வேண்டாம் மேடம், வேண்டாம் மேடம் என்று ஒவ்வொரு தாளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வரலாற்று ஆசிரியை தன் திருத்தலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள்களை அடுக்கித் தட்டிச் சமமாக்கி, கொட்டாவியின் தாளை எல்லாவற்றுக்கும் முதலாக வைத்து, நூலால் இறுக்கிக் கட்டினாள்.

“உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க மேடம். இதை நான் எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பேன்?”

“பிள்ளைங்க படிச்சாங்களா இல்லையான்னுதானே சார் கேட்டாங்க? படிச்சிருக்காங்க. கொண்டுபோய்க் குடுங்க.”

அவர் கட்டைத் தொடாமல் நின்றார். அவள் தானே அதைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் படியேறினாள்.